பிரதியைப் பாதியாக்கினோம், பில் ஏன் பாதியாகவில்லை?

வாசகர் கேள்வி - பதில்

அரசு அலுவலகங்களின் அச்சுச் செலவு பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன், டிஜிட்டலுக்கு மாறினால் எவ்வளவோ மிச்சப்படுத்தலாம் என்று. இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஒரு மாணவி, அச்சகத் தொழிலாளி ஒருவர் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருடம் ஒரு அலுவலகத்தின் வெளியீட்டுப் பிரிவில் உட்கார்ந்து இண்டென்ட் (அச்சிடக் கேட்கும் கோரிக்கை) எழுதி, புரூஃப் (பிழை திருத்தும் மாதிரித் தாள்) பார்த்து, பில் பாஸ் பண்ணியவன். அந்த அனுபவத்தில் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் துறையில் ஆண்டறிக்கை 1,000 பிரதி அடிப்போம். செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் 500 ஆக்கினோம். பில் பாதியாகும் என்று பார்த்தால் கொஞ்சம்தான் இறங்கியது. அச்சகம் கணக்கில் விளையாடுகிறதா?
(அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர்)

அச்சகத்தைச் சந்தேகப்படாதீர்கள், கணக்கு அப்படித்தான் வரும். பக்கத்தைப் பிளேட் என்ற உலோகத் தகட்டில் ஏற்றி அடிக்கும் ஆஃப்செட் அச்சில் செலவு இரண்டாகப் பிரியும். பக்கம் வடிவமைப்பது, புரூஃப் எடுப்பது, பிளேட் போடுவது, பிளேட்டை மெஷினில் ஏற்றி நிறம் சரிசெய்வது, இதெல்லாம் ஒரு பிரதி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஒரே செலவு. பலவண்ணம் என்றால் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட், அதுவும் தாளின் முன்பக்கத்துக்குத் தனி, பின்பக்கத்துக்குத் தனி. தாள், மை, பைண்டிங் ஆகியவைதான் பிரதி எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். நீங்கள் பாதியாக்கியது இந்த இரண்டாவது பங்கை மட்டும்.

வாய்ப்பு கிடைத்தால் ஒருநாள் மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் வரும் தாள்களில் நீலம் ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருக்கும், படத்தில் இருப்பவரின் முகத்துக்கு ஒரு நிழல் விளிம்பு தெரியும். மெஷின்காரர் ஒரு தாளை உருவி, மூலையில் இருக்கும் கூட்டல் குறியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார், ஒரு திருகு திருகுவார், ஓட்டுவார், மறுபடி உருவிப் பார்ப்பார். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவதற்குள் அவர் காலடியில் கழிவுத் தாள் ஒரு குவியல் சேர்ந்துவிடும். உங்கள் 500 பிரதிக்கும் அந்தக் குவியல் உண்டு, 1,000 பிரதிக்கும் அதே குவியல்தான்.

அதனால் பிரதியைப் பாதியாக்குவது எனக்குத் தெரிந்து மிகக் குறைவாகப் பலன் தரும் வழி. உண்மையிலேயே குறைக்க வேண்டுமானால் ஆஃப்செட்டை விட்டே வெளியே வர வேண்டும். அறிக்கை இணையத்தில் இருக்கட்டும், சட்டசபையில் வைக்க, நூலகத்துக்குக் கொடுக்க, கேட்டவருக்கு அனுப்ப என்று நாற்பது ஐம்பது பிரதி தேவையென்றால் பிளேட் இல்லாத டிஜிட்டல் மெஷினில் அன்றன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு பிரதியின் விலை கூடத்தான் இருக்கும், ஆனால் மொத்த பில்லைப் பாருங்கள், ஆஃப்செட் பக்கமே திரும்ப மாட்டீர்கள். பலவண்ணத்தை ஒற்றை வண்ணமாக்குவது, முழுப்பக்கப் புகைப்படங்களை எடுத்துவிடுவது, 16 பக்க ஃபாரக் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) கணக்குக்குள் பக்கத்தை அடக்குவது, இவையும் உதவும். பிரதி எண்ணிக்கை மேல் மட்டும் கை வைத்தால் உத்தரவை நிறைவேற்றிய பேர் கிடைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எத்தனை பிரதி என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எங்கள் அலுவலகத்தில் "போன வருடம் எவ்வளவோ அவ்வளவு" என்பதுதான் பதில்.

உங்கள் அலுவலகம் மட்டுமில்லை. பிரதி எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விநியோகப் பட்டியல், அந்தப் பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதே கிடையாது. நான் இருந்த இடத்தில் ஒருமுறை ஸ்டோர் ரூமைக் காலி செய்யச் சொன்னார்கள். சுவரோரமாகப் பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, மூன்று வருடத்துக்கு முந்தைய அறிக்கைக் கட்டுகள். மேலே குத்தியிருந்த விநியோகப் பட்டியலை எடுத்துப் படித்தேன். அதில் இருந்த இரண்டு பதவிகள் எப்போதோ ஒழிக்கப்பட்டவை, ஒரு பிரிவு வேறொரு பிரிவோடு சேர்ந்துவிட்டது, இன்னொரு இடத்தில் பதவிக்குப் பதிலாக ஒருவரின் பெயரே இருந்தது, அவர் ஓய்வு பெற்று வெகுகாலம். கட்டைப் பிரித்தால் கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது, நடுவில் இருந்த பிரதிகள் அச்சு வாசனைகூடப் போகாமல் புதிதாகவே இருந்தன. யாரும் கையாலேயே தொடாத பக்கங்கள். அந்தப் பக்கங்களுக்குப் புரூஃப் பார்த்தவன் நான், அதனால் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

இதற்கு மருந்து சுலபமானது: கேட்டால்தான் அச்சுப் பிரதி, கேட்காதவருக்கு இணைய முகவரி. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்துகிறோம் என்று வைத்தால் யாரும் எழுதித் தர மாட்டார்கள். வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக் கேட்கச் சொன்னால் பட்டியல் தானாகச் சுருங்கும். அமெரிக்காவில் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்று 1936 முதல் ஒரு தினசரி அரசிதழ் வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அதன் அச்சுப் பிரதியைக் கேட்டால்தான் தர வேண்டும் என்று 2018 தொடக்கத்தில் சட்டமே போட்டார்கள். ஒரு வரி மாற்றம்தான், ஆனால் அதைச் சட்டமாக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் இருப்பது ஒரு மரியாதை என்று நினைப்பவர்கள் எங்கும் உண்டு, ஒரு சுற்றறிக்கையால் அதை மாற்ற முடியாது.

கேள்வி: எழுத்துருவை மாற்றினாலே கோடிக்கணக்கில் மை மிச்சமாகும் என்று படித்தேன். உண்மையா?
(கல்லூரி மாணவி)

2014-இல் அமெரிக்காவில் 14 வயது மாணவர் ஒருவர் போட்ட கணக்கு அது. அரசு ஆவணங்களை டைம்ஸ் நியூ ரோமனிலிருந்து காரமாண்டுக்கு மாற்றினால் மத்திய, மாநில அரசுகளுக்குச் சேர்த்து வருடத்துக்கு 40 கோடி டாலர் வரை மிஞ்சும் என்றார். அந்த வயதில் அப்படி யோசித்ததை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எழுத்து வடிவமைப்பாளர்கள் உடனே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: 12 பாயின்ட் காரமாண்ட், 12 பாயின்ட் டைம்ஸைவிடப் பார்வைக்கே சின்னது. எழுத்தைச் சின்னதாக்கினால் மை குறையத்தான் செய்யும், படிப்பவர் கண்ணும் சேர்ந்து சிரமப்படும். அதோடு அரசு அச்சில் கணிசமான பகுதி ஆஃப்செட்டில் ஓடுவது, அங்கே மையின் பங்கு மிகச் சிறியது. மேஜைப் பிரிண்டரின் கார்ட்ரிட்ஜ் விலையை வைத்து அதைக் கணக்கிட்டால் தொகை ஊதித்தான் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2010-இல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் மை குறைவாகக் குடிக்கும் செஞ்சுரி கோதிக் எழுத்துருவுக்கு மாறியது. அந்த எழுத்து அகலமானது, ஒரு பக்கத்தில் அடங்கியது அடுத்த பக்கத்துக்குத் தாண்டிவிடும், மையில் மிச்சம் பிடித்ததைத் தாளில் விட வேண்டியதுதான். அலுவலகப் பிரிண்டரில் பலன் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அச்சிடுவதைத் தானியங்கி அமைப்பாக வையுங்கள், கறுப்பு வெள்ளையை இயல்பாக்குங்கள். அப்புறம் முக்கியமானது, அடையாள அட்டையைக் காட்டினால்தான் தாள் வெளியே வரும் என்ற வகையில் பொதுப் பிரிண்டர் வையுங்கள். கட்டளை கொடுத்துவிட்டு எடுக்கவே வராமல் தட்டில் கிடக்கும் தாள்கள் எத்தனை என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள், புரியும்.

கேள்வி: எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது என்கிறார்கள். ஆனால் படிவத்தைப் பதிவிறக்கம் செய்து, கடையில் பிரிண்ட் எடுத்து, நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து பதிவேற்றச் சொல்கிறார்கள். முன்பு அலுவலகத்தில் இலவசமாகவே படிவம் கிடைத்தது. இதில் என்ன மிச்சம்?
(வாசகர் ஒருவர்)

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் இதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். அரசின் அச்சு பில் குறைந்தது உண்மை, ஆனால் அந்தச் செலவு காணாமல் போகவில்லை, உங்கள் பைக்கு இடம் மாறியிருக்கிறது, அதுவும் பெருகி. அச்சகத்தில் ஒரு லட்சம் படிவம் மொத்தமாக அடிக்கும்போது ஒன்றுக்கு ஆகும் செலவும், ஒருவர் கடைக்குப் போய் ஒரே ஒரு தாள் எடுக்கும் செலவும் ஒன்றாகுமா? போய்வரும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. அலுவலகம் என்ன செய்யும் தெரியுமா, நீங்கள் பதிவேற்றியதை மறுபடி ஒரு பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வைக்கும். ஒரு தாள் போய் இரண்டு தாள் வந்துவிட்டது.

அச்சுப் படிவத்தைப் படம் பிடித்துப் பீடிஎஃப் ஆக்கி இணையத்தில் போடுவதை டிஜிட்டல் மாற்றம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திரையிலேயே நிரப்பும் படிவமாக இருக்க வேண்டும், ஏற்கெனவே அரசிடம் உள்ள விவரத்தை மறுபடி கேட்கக் கூடாது, கையெழுத்துக்குப் பதிலாக மின்கையொப்பமோ ஓடிபியோ போதும் என்று விதி இருக்க வேண்டும், பெற்றுக்கொண்டதற்கு ரசீது எண் உடனே வர வேண்டும். இன்னும் ஒரு படி முன்னால் போய், இந்தப் படிவம் எதற்கு என்றே கேட்கலாம். ஒரு துறை கொடுத்த சான்றிதழை இன்னொரு துறைக்கு நாமே சுமந்துகொண்டு போகிறோம், இரண்டு துறையும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டால் அந்தத் தாளே தேவையில்லை.

ஒரு திட்டம் வெற்றியா என்று பார்க்க அச்சகத்தின் பில்லை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். குடிமக்கள் எத்தனை தாள் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: துபாயில் அரசே தாள் இல்லாமல் இயங்குகிறதாமே?

2021 டிசம்பரில் அப்படி அறிவித்தார்கள். 2018-இல் தொடங்கிய திட்டம் அது. 33.6 கோடித் தாள் குறைந்தது, 130 கோடி திர்ஹாம் மிச்சமானது, 1.4 கோடி வேலை மணி நேரம் மிச்சமானது என்று சொன்னார்கள். அந்தத் தொகையைத் தாளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஒரு தாளுக்கு நான்கு திர்ஹாமுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். உலகத்தில் எந்த வெள்ளைத் தாளும் அந்த விலை இல்லை. அப்படியானால் மிச்சமானது தாளின் விலை இல்லை, தாளோடு சேர்ந்து ஓடிய வேலை. வரிசையில் நிற்பது, கோப்பைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக நடப்பது, தபாலில் அனுப்புவது, அலமாரி, அந்த அலமாரிக்கு வாடகைக் கட்டடம், தொலைந்த கோப்பைத் தேடுவது. நம் அலுவலகங்களும் அச்சு பில்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சின்ன மீனைத்தான் பிடிப்போம்.

கேள்வி: அரசிதழை அச்சிடாமல் இணையத்தில் மட்டும் வெளியிட்டால் நீதிமன்றத்தில் செல்லுமா?
(வழக்கறிஞர்)

சட்டம் அப்படிச் சொன்னால் செல்லும். ஆஸ்திரியாவில் 2004 தொடக்கத்திலிருந்து சட்ட இதழின் மின்பதிப்புதான் அதிகாரபூர்வமானது. டென்மார்க் 2008-இல் மாறியது, எஸ்டோனியா 2010-இல் அச்சு அரசிதழை நிறுத்தியது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 8-ஆம் பிரிவு மின்னணு அரசிதழில் வெளியிட்டாலும் வெளியீடாகவே கொள்ளப்படும் என்கிறது, அந்தப் பலத்தில்தான் 2015 அக்டோபர் முதல் மத்திய அரசிதழ் மின்பதிப்பாக மட்டும் வருகிறது.

இணையத்திலும் போடுகிறோம், ஆனால் அதிகாரபூர்வமானது அச்சுப் பிரதிதான் என்று இரண்டுங்கெட்டானாக வைத்திருக்கும் இடங்களில்தான் சிக்கல். அங்கே செலவு குறைவதற்குப் பதில் இரட்டிப்பாகும். அமெரிக்க மாநிலங்களுக்காக 2011-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். மின்பதிப்பை அதிகாரபூர்வமாக்கினால் அது திருத்தப்படாத அசல் என்று சோதிக்க வழி வேண்டும், பாதுகாத்து வைக்க வேண்டும், மக்கள் எப்போதும் பார்க்க முடிய வேண்டும் என்று மூன்று கடமை வைத்தார்கள். இந்த மூன்றுக்கும் பணம் ஆகும். அச்சில் மிச்சமானதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்காத அரசாங்கத்திடம் அரசிதழை நம்பிக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: தாள் நூறு வருடம் இருக்கும். ஹார்ட் டிஸ்க் இருக்குமா?

தானாக இருக்காது, நாம்தான் இருக்க வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 1086-இல் எழுதிய டோம்ஸ்டே நிலக்கணக்கைப் பார்த்து 1986-இல் பிபிசி அதேபோல ஒரு புதிய தொகுப்பை லேசர் தகட்டில் செய்தது. பதினைந்து இருபது வருடத்தில் அந்தத் தகட்டைப் படிக்கும் கருவியே அரிதாகிவிட, அதை மீட்க ஒரு ஆய்வுத் திட்டமே தேவைப்பட்டது. தொள்ளாயிரம் வருடத்துத் தோல் ஏட்டை இன்றும் கண்ணால் படிக்கலாம். ஆகவே ஒரு மென்பொருளை மட்டும் நம்பாத கோப்பு வடிவம் வேண்டும், நீண்டகாலச் சேமிப்புக்கென்றே 2005-இல் பீடிஎஃப்/ஏ என்ற சர்வதேசத் தரம் வந்தது. ஒரே கட்டடத்தில் எல்லாப் பிரதியும் இருக்கக் கூடாது. எஸ்டோனியா தன் அரசிதழ், நிலப் பதிவேடு உள்பட முக்கியத் தரவுகளின் நகலை லக்ஸம்பர்க்கில் வைத்திருக்கிறது, ஒரு தூதரகத்துக்கு உண்டான பாதுகாப்போடு. கூடவே நல்ல தாளில் இரண்டு மூன்று பிரதி ஆவணக் காப்பகத்தில் இருந்தால் நான் இன்னும் நிம்மதியாகத் தூங்குவேன். இரண்டு மூன்று பிரதி போதும், இரண்டாயிரம் வேண்டாம்.

கேள்வி: முப்பது வருடமாக அரசு வேலைகளை அடிக்கும் அச்சகத்தில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் படித்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?

வலிக்கிற கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். சுற்றறிக்கை, ஆண்டறிக்கை, பதிவேடு, காலிப் படிவம் இவையெல்லாம் குறைந்துகொண்டேதான் போகும், திரும்பி வராது. குறையாத வேலைகளும் உண்டு: பாஸ்போர்ட், அடையாள அட்டை, வினாத்தாள், பிரெய்ல் புத்தகங்கள், வாக்குச்சீட்டு. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009-இல் அங்கே பயன்படுத்திய வாக்குப்பதிவு இயந்திரங்களை ஏற்க மறுத்தது, தொழில்நுட்ப அறிவில்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது, அங்கே தாள்தான் நின்றது. அமெரிக்காவின் அரசு அச்சகம் 1861-இல் தொடங்கியது, 2014-இல் தன் பெயரில் இருந்த 'அச்சு' என்ற சொல்லை 'வெளியீடு' என்று மாற்றிக்கொண்டது. இன்று அரசு ஆவணங்களை இணையத்தில் ஏற்றுவதும் பாதுகாப்பதும் அதன் வேலை, பாஸ்போர்ட் புத்தகம் தயாரிப்பதும் அதே நிறுவனம்தான்.

எழுத்துப் பிழை, பக்க ஒழுங்கு, அட்டவணை சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் உங்கள் கண் திரையில் வெளியிடுவதற்கும் தேவை. இன்று வரும் அரசுப் பீடிஎஃப்களைப் பார்க்கும்போது உங்களைப் போன்ற ஒருவர் அங்கே இல்லையே என்றுதான் தோன்றுகிறது. அச்சில் மிச்சம் பிடிக்கும் அரசு, அந்தப் பணத்தில் முதலில் இவர்களுக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஆளைக் குறைத்துவிட்டு அதைச் சிக்கனம் என்று கணக்குக் காட்டக் கூடாது.

கேள்வி: எனக்கு 74 வயது, கண் பார்வை மங்கல். ஓய்வூதிய விவரத்தை இனி இணையத்தில்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தாளில் கேட்டால் தப்பா?

தப்பே இல்லை ஐயா. டென்மார்க்கில் 2014 நவம்பரிலிருந்து 15 வயது நிரம்பிய எல்லோருக்கும் அரசுக் கடிதங்கள் மின்னஞ்சல் பெட்டி போன்ற ஒரு டிஜிட்டல் பெட்டிக்குத்தான் வரும் என்று கட்டாயமாக்கினார்கள். அவ்வளவு தூரம் போன நாட்டிலேயே முடியாதவர்கள் விலக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அவர்களுக்குத் தாளில் வரும். பெரும்பாலானவர்கள் திரைக்கு மாறிவிட்ட பிறகு உங்களைப் போன்றவர்களுக்குத் தாளில் அனுப்ப ஆகும் செலவு மிகச் சிறியது, அதை மறுக்க எந்த அலுவலகத்துக்கும் நியாயமான காரணம் கிடையாது.

எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் தரச் சொல்லியும் அதிலேயே எழுதுங்கள். விவரம் கணினியில்தான் இருக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கி ஒரு தாள் எடுக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.